வைக்கோல் நாய் எங்கே போனது?

கெடிலக்கரை எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். திருப்பாதிரிப்புலியூரில் சின்னதாக ஒரு டிடிபி கடை வைத்திருக்கிறேன். கல்யாணப் பத்திரிகை, காதணி விழா, கண்ணீர் அஞ்சலி, கல்லூரிப் பிள்ளைகளின் ஆய்வேடு, இதுதான் அன்றாட வேலை. காலையில் ஒன்பதரைக்கு உட்கார்ந்தால் ராத்திரி எட்டு வரைக்கும் கண் முன்னால் தமிழ் எழுத்து ஓடிக்கொண்டே இருக்கும். டைப் அடிக்கும்போது எழுத்தைத்தான் பார்ப்பேன், அர்த்தத்தைப் பார்க்க மாட்டேன். அர்த்தம் பார்க்க ஆரம்பித்தால் வேகம் போய்விடும்.

இரண்டு மாதத்துக்கு முன்னால் வந்த ஒரு கையெழுத்துப் பிரதியில் மட்டும் அப்படி இருக்க முடியவில்லை. ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவர் கொண்டுவந்து கொடுத்தார். பழைய சீன ஞானி லாவோ ட்சுவின் பெயரில் வழங்கும் தாவோ தே ஜிங், தமிழில். தாவோ என்றால் வழி, எல்லாவற்றுக்கும் மூலமானது. சாருக்குச் சீனம் தெரியாது. ஆங்கிலத்திலிருந்து மூன்று வருஷம் உட்கார்ந்து செய்திருக்கிறார். ஐந்து நோட்டு, நீல மை, 81 பாடல். அடித்ததைக்கூட ஒற்றைக் கோடு போட்டுத்தான் அடித்திருக்கிறார், கீழே என்ன இருந்தது என்று படிக்க முடியும். அப்படி எழுதுகிற மனிதர்.

ஐந்தாம் பாடலில் அவர் எழுதியிருந்தது இது: தாவோ யார் பக்கமும் சாய்வதில்லை, நல்லதும் கெட்டதும் அது பெற்ற பிள்ளைகள். எனக்குப் பிடித்துப் போய், அன்று ராத்திரி போனில் தேடி, ஜேம்ஸ் லெக் என்பவர் 1891ல் செய்த பழைய ஆங்கில மொழிபெயர்ப்பை எடுத்துப் படித்தேன். அதே ஐந்தாம் பாடல். அங்கே தாவோ என்ற சொல்லே அந்த இடத்தில் இல்லை. வானமும் பூமியும் அன்பு காட்ட வேண்டும் என்று நினைத்து எதையும் செய்வதில்லை, எல்லாவற்றையும் புல்லால் செய்த நாயை நடத்துவதுபோல நடத்துகின்றன என்று இருக்கிறது. ஞானிகளும் மக்களை அப்படித்தான் நடத்துவார்களாம்.

நாய். சாருடைய நோட்டில் நாயே இல்லை. ஒரு பத்திரிகையில் மாப்பிள்ளையின் அப்பா பெயர் விட்டுப்போனால் எனக்கு எப்படிப் பதறுமோ அப்படிப் பதறியது. முதலில் சார்தான் விட்டுவிட்டார் என்று நினைத்தேன். கேட்டேன். அவர் வைத்துச் செய்த புத்தகத்தைக் காட்டினார். ஸ்டீபன் மிட்செல் என்பவர் 1988ல் கொண்டுவந்தது. அதிலேயே நாய் இல்லை. "ரெண்டும் ஒண்ணுதானேம்மா" என்றார் சார்.

எனக்கு ஒன்றாகத் தெரியவில்லை. 2011 டிசம்பர் 30ஆம் தேதி விடியற்காலை தானே புயல் அடித்தபோது நான் பண்ருட்டிப் பக்கம் அம்மா ஊரில் இருந்தேன். விடிந்ததும் கதவைத் திறந்தால் தோப்பு இருந்த இடத்தில் வானம் தெரிந்தது. தாத்தா வைத்த பலா, முந்திரி எல்லாம் வேரோடு ஒரே திசையில் படுத்துக் கிடந்தன. யார் பக்கமும் சாயாமல் இருப்பது ஒரு நீதிபதியின் குணம். அன்று நான் பார்த்ததற்கு அந்தச் சொல் போதாது. புல் நாய் என்ற சொல்லுக்குள் ஏதோ இருக்கிறது, அது என்ன என்றுதான் எனக்குத் தெரியவில்லை.

அந்த நாய் என்ன நாய்? ஒரே பாட்டை வெள்ளைக்காரர்கள் ஏன் இப்படி ஆளுக்கொரு மாதிரி எழுதியிருக்கிறார்கள்? சாருக்கு எதைச் சொல்லட்டும்? தை பிறந்ததும் புத்தகம் அச்சுக்குப் போக வேண்டும்.


வைசியாள் வீதி எழுதியது:

அம்மா, முதலில் நாயைப் பார்த்துவிடுவோம். வெள்ளைக்காரர்கள் கதை நீளமானது.

பழைய சீனத்தில் படையலுக்காகப் புல்லைத் திரித்து நாய் உருவம் செய்வார்கள். இதைப் பற்றி விவரமாகச் சொல்வது தாவோ மரபின் இன்னொரு பெரிய நூலான சுவாங் ட்சு, அதன் பதினான்காம் அத்தியாயம். படைப்பதற்கு முன்னால் அந்த நாயை மூங்கில் பெட்டியில் வைத்து, பூவேலை செய்த துணியைச் சுற்றி வைப்பார்கள். பூசை செய்கிறவர் நோன்பிருந்துதான் அதைத் தொடுவார். படையல் முடிந்துவிட்டால், தெருவில் போகிறவன் அதன் தலையையும் முதுகையும் மிதித்துக்கொண்டு போவான். புல் அறுக்கிறவன் பொறுக்கிக்கொண்டு போய் அடுப்பெரிப்பான். முடிந்த பிறகும் யாராவது அதை எடுத்துப் பெட்டியில் வைத்து, பக்கத்தில் படுத்துத் தூங்கினால் அவனுக்குக் கெட்ட கனவுதான் வரும் என்றும் அங்கே இருக்கிறது.

நம் வீட்டு மஞ்சள் பிள்ளையாரை நினைத்துக்கொள்ளுங்கள். மஞ்சள்பொடியில் நாலு சொட்டுத் தண்ணீர் விட்டு மூன்று விரலால் பிடித்து, வெற்றிலையில் உட்கார வைத்து, உச்சியில் அருகம்புல் செருகினால் அவர்தான் முதல் தெய்வம். எல்லோரும் விழுந்து கும்பிடுவோம். பூசை முடிந்ததும் வடக்கே கொஞ்சம் நகர்த்தி வைத்து, அப்புறம் தண்ணீரில் கரைத்துச் செடிக்கு ஊற்றிவிடுவோம். கரைக்கிறவளுக்குப் பிள்ளையார் மேல் கோபம் கிடையாது, பிரியம் போய்விட்டது என்றும் இல்லை. அவர் வேளை வந்தது, முடிந்தது. மிதிப்பது என்ற விஷயம் மட்டும் நம்மிடம் இல்லை, அந்த வேறுபாட்டையும் மறக்கக் கூடாது.

ஆக அந்த வரி ஒரு சடங்கிலிருந்து வருகிறது. சடங்கைத் தெரிந்தவனுக்கு அந்த உவமை உடனே புரியும். தெரியாதவனுக்கு "உலகம் நம்மை நாயாக நடத்துகிறது" என்று கொடூரமாகக் கேட்கும். மிட்செல் அதைத் தவிர்க்கத்தான் உவமையையே எடுத்துவிட்டு, தனக்குப் புரிந்த சாரத்தை வைத்திருக்கிறார். அவருக்கும் சீனம் தெரியாது. பதினான்கு வருஷம் ஜென் பௌத்தப் பயிற்சி எடுத்தவர், பல மொழிபெயர்ப்புகளை முன்னால் வைத்துக்கொண்டு எழுதினார். அதை அவர் மறைக்கவும் இல்லை. ஆகவே உங்கள் சார் செய்தது மொழிபெயர்ப்பிலிருந்து எழுந்த மொழிபெயர்ப்பிலிருந்து ஒரு மொழிபெயர்ப்பு.

இனி உங்கள் இரண்டாவது கேள்வி. நான் புதுச்சேரியில் முப்பது வருஷத்துக்கு மேல் பிரெஞ்சு சொல்லிக்கொடுத்தவன், அதனால் பிரெஞ்சு வழியாகத்தான் இந்தக் கதை எனக்கு வந்தது. முதலில் போனவர்கள் ஏசுசபைப் பாதிரியார்கள். 1583ல் சீனத்துக்குள் குடியேறிய மத்தேயோ ரிச்சி, சீனரின் பழைய நீதி ஆசான் கன்பூசியஸைத் தழுவிக்கொண்டார், தாவோக்காரர்களை ஒதுக்கிவிட்டார். அவருக்குப் பின்னால் வந்தவர்களில் ஒரு பிரிவினர் நேர் எதிராகப் போனார்கள்: பழைய சீன நூல்களுக்குள் கிறித்தவ மறைபொருள் ஒளிந்திருக்கிறது என்று தேடினார்கள். 1788ல் லண்டன் ராயல் சொசைட்டிக்கு தாவோ தே ஜிங்கின் லத்தீன் கையெழுத்துப் பிரதி ஒன்று போய்ச் சேர்ந்தது. மூவொரு கடவுளும் மனித அவதாரமும் சீனருக்கு ஆதியிலேயே தெரிந்திருந்தன என்று காட்டுவதே அதன் நோக்கம்.

பாரிசில் சீன மொழிக்கென்று 1814ல் முதல் பேராசிரியர் இருக்கை வந்தது. அதில் அமர்ந்தவர் ஆபெல் ரெமூசா. பெரிய அறிவாளி. பதினான்காம் பாடலில் யி, ஹி, வெய் என்று மூன்று சொல் வரும், தாவோவைப் பார்த்தாலும் கேட்டாலும் பிடித்தாலும் அகப்படாது என்பதற்காக. ரெமூசா 1823ல் எழுதினார்: இந்த மூன்று ஒலிகளும் சீனச் சொற்களே இல்லை, யெகோவா என்ற கடவுளின் எபிரேயப் பெயர்தான் இங்கே வந்திருக்கிறது என்று! பத்தொன்பது வருஷம் கழித்து, 1842ல், அவருடைய மாணவர் ஸ்தனிஸ்லாஸ் ழூலியேன் முழு நூலையும் பிரெஞ்சில் கொண்டுவந்தார். சீன உரைகாரர்களை வரிவரியாகப் படித்துவிட்டு, யி என்றால் நிறமில்லாதது, ஹி என்றால் ஒலியில்லாதது, வெய் என்றால் உருவமில்லாதது, இதில் எபிரேயமும் இல்லை ஒன்றும் இல்லை என்று ஆசிரியர் சொன்னதை மறுத்தார். ஆசிரியர் அப்போது உயிரோடு இல்லை, 1832ல் காலராவில் போய்விட்டார். அந்த மாணவனின் நேர்மையை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு மனசு நிறைந்துவிடும்.

இதைப் படிக்கிற நம்மூர்க்காரர்களுக்கு ஒரு விஷயம் ஞாபகம் வரவேண்டும். எசூர்வேதம். 1760ல் பிரெஞ்சுச் சிந்தனையாளர் வோல்தேருக்கு அதன் ஒரு பிரதி கிடைத்தது. இந்தியாவின் ஆதி வேதம் இது, அலெக்சாந்தருக்கும் முந்தையது என்று நம்பி அதை அரச நூலகத்தில் சேர்த்தார். 1778ல் அச்சாகியும் வந்தது. அது வேதமே இல்லை, பாதிரியார்கள் தங்கள் போதனைக்காக எழுதியது என்று 1782லேயே சொன்னவர் பிரெஞ்சுப் பயணி சொன்னெரா. பிறகு எல்லிஸ் துரை அதன் மூலப் பிரதிகளைக் கண்டெடுத்தது எங்கே தெரியுமா? இங்கேதான், புதுச்சேரியில், பாதிரியார்களின் பெட்டகத்தில். குறளுக்கும் அதே கதி. ஜி.யு.போப் 1886ல் அதை ஆங்கிலத்தில் தந்தபோது, வள்ளுவர் மயிலாப்பூரில் கிறித்தவ போதகர்களிடம் கேட்டிருப்பார் என்ற எண்ணத்தையும் சேர்த்தே தந்தார். போப்பின் உழைப்புக்கு நான் தலைவணங்குகிறவன், அதனால்தான் இதையும் சொல்கிறேன்.

பிறகு ஒவ்வொரு காலத்துக்கும் ஒரு லாவோ ட்சு. சீனம் படித்த ஆங்கிலேயர் ஜைல்ஸ் 1889ல் சுவாங் ட்சுவை ஆங்கிலத்தில் கொண்டுவந்ததும், எழுத்தாளர் ஆஸ்கர் வைல்ட் அடுத்த வருஷமே மதிப்புரை எழுதினார். அவருக்குக் கிடைத்தது அரசாங்கத்தையும் ஊருக்கு உபதேசம் செய்கிறவர்களையும் எதிர்க்கிற ஞானி. ஜெர்மனியில் ரிச்சர்ட் வில்ஹெல்ம் 1911ல் தாவோ என்ற சொல்லையே "பொருள்" என்று பெயர்த்தார், வாழ்க்கையின் பொருள் என்கிறோமே அந்தப் பொருள். 1960களுக்குப் பிறகு அமெரிக்க இளைஞர்களுக்கு அவர் ஆற்றோடு போகிற மனிதர். 1975ல் இயற்பியல்காரர் ஒருவர் அணுவுக்குள்ளும் அவரைப் பார்த்தார்.

உங்கள் சாரிடம் சொல்ல வேண்டியது ஒன்றுதான். மிட்செலை வைத்துச் செய்தது என்று முன்னுரையில் போடட்டும், நாயைத் திரும்ப உள்ளே விடட்டும்.


நெல்லிக்குப்பத்தான் எழுதியது:

சகோதரி, நான் புத்தகம் படிக்கிற ஆள் இல்லை. சிங்கப்பூரில் கப்பல் கட்டும் தளத்தில் பதினேழு வருஷம் வெல்டிங் வேலை பார்த்தேன். ஐயா சடங்கு என்று சொன்னதும் எழுதத் தோன்றியது.

தெலோக் ஆயர் தெருவில் தியான் ஹொக் கெங் என்று ஒரு சீனக் கோயில். கடலில் பத்திரமாக வந்து சேர்ந்ததற்காக மாசூ என்ற கடலம்மாவுக்குக் கட்டியது. அதே தெருவில் நாலு எட்டு வைத்தால் நாகூர் தர்கா, நம்ம கரையிலிருந்து போன சோழிய முஸ்லிம்கள் 1830 வாக்கில் கட்டி முடித்தது. அப்போது கடல் அந்தத் தெரு வரைக்கும் இருந்ததாம். ஞாயிற்றுக்கிழமை தர்காவில் உட்கார்ந்துவிட்டு அந்தக் கோயிலுக்கும் போவேன். ஐயா சொன்ன 1842ஆம் வருஷம்தான் அந்தக் கோயிலும் கட்டி முடிந்தது, வாசலில் எழுதியிருப்பதைப் பார்த்திருக்கிறேன். பாரிசில் புத்தகம் வந்த அதே வருஷம்.

எங்கள் சீன ஃபோர்மேன் ஏழாம் மாதம் வந்தால் ஒரு வாரத்துக்கு முன்பே தயாராகிவிடுவார். செத்துப்போனவர்கள் பசியோடு வருகிற மாதம் அது. காகிதத்தில் வீடு, காகிதத்தில் சட்டை, கார், போன்கூட உண்டு. ஒருநாள் அவர் தன் அப்பாவுக்காக வாங்கிய காகித வீட்டை மடியில் வைத்துக்கொண்டு, கிழிந்திருந்த ஒரு ஜன்னலைப் பசை தடவி ஒட்டிக்கொண்டிருந்தார். சாயந்தரம் எரிக்கப் போகிற வீடு. எரிக்கத்தானே போகிறீர்கள் என்றேன். அப்பா குடியிருக்கப் போகிற வீடு என்றார். எரிந்து முடிந்ததும் சாம்பலை ஷூ காலால் தள்ளிவிட்டு வேலைக்கு வந்துவிட்டார். புல் நாய் என்று படித்ததும் அந்த ஜன்னல்தான் ஞாபகம் வந்தது.

லாவோ ட்சு பற்றி அவரிடம் கேட்டிருக்கிறேன். புத்தகம் எழுதினவர் என்று அவர் சொல்லவில்லை. தைஷாங் லாவோஜூன் என்றார், அது சாமி, மேலே இருக்கிறார், ஊதுவத்தி வைக்க வேண்டும். சிங்கப்பூரில் 2020 கணக்கெடுப்பில் நூற்றுக்கு எட்டுப் பேருக்கு மேல் தங்களைத் தாவோ மதம் என்று எழுதிக்கொடுத்தவர்கள். அவர்களை யாரும் மொழிபெயர்க்கவில்லையா என்பதுதான் என் சந்தேகம்.


உப்பனாறு எழுதியது:

அக்கா, நான் கடலூர் முதுநகர். நர்ஸ் வேலை. எல்லோரும் எழுதியதை இரண்டு தடவை படித்தேன். ஐயா நாயைச் சேர்க்கச் சொல்வதில் எனக்கு மறுப்பு இல்லை, ஆனால் மிட்செலின் அந்த வரிக்காக ஒருத்தி பேசியாக வேண்டும்.

2004 டிசம்பர் 26 அன்று என் தம்பி கடற்கரையில் கிரிக்கெட் ஆடிக்கொண்டிருந்தான். பதிமூன்று வயது. அப்புறம் வீட்டுக்கு வந்தவர்களில் சிலர் சொன்னது எனக்கு இன்னும் காதில் இருக்கிறது. எந்த ஜென்மத்துப் பாவமோ என்றார்கள். வேண்டுதல் ஏதாவது பாக்கியா என்று அம்மாவிடம் கேட்டார்கள். அம்மா எட்டு வருஷம் அந்தக் கேள்வியைச் சுமந்தார். நர்சிங் படிக்கும்போது விடுதியில் ஒரு பெண்ணிடம் மிட்செல் புத்தகம் இருந்தது. யார் பக்கமும் சாய்வதில்லை என்ற அந்த வரியை நான் தமிழில் சொல்லி, போனில் அம்மாவுக்குக் கேட்க வைத்தேன். அம்மா ரொம்ப நேரம் பேசவில்லை. பிறகு, "அப்போ அவன் எந்தத் தப்பும் பண்ணலைன்னு சொல்லுது" என்றார்.

அன்றைக்கு நான் நாயென்று படித்திருந்தால் அம்மாவிடம் சொல்லியிருக்க மாட்டேன். மூலத்தில் இல்லாத வரியாக இருக்கலாம். எங்கள் வீட்டில் அது வேலை செய்தது.


வைசியாள் வீதி எழுதியது:

மகளே, உங்கள் அம்மா கேட்ட கேள்விக்கு முன்னால் என் படிப்பு சின்னது. அம்மா அந்த வரியிலிருந்து எடுத்துக்கொண்டதை நான் தொடமாட்டேன். அதோடு ஒன்று சொல்ல வேண்டும்: அம்மா சொன்னதுதான் புல் நாய் வரிக்கும் அர்த்தம். புல் நாயை மிதிப்பது தண்டனை இல்லை. அது எந்தக் குற்றமும் செய்யவில்லை. அந்த வரியில் இல்லை என்று மறுக்கப்படுவது "ரென்" என்ற குணம், கன்பூசியஸ் வழியினர் எல்லாவற்றுக்கும் மேலாக வைத்த மனிதப் பரிவு. வானமும் பூமியும் பரிவால் கொடுப்பதும் இல்லை, கோபத்தால் பறிப்பதும் இல்லை. பாவக் கணக்கு வைக்க அங்கே ஆளே இல்லை. மிட்செல் அந்த இடத்துக்கு வேறு பாதையில் வந்து சேர்ந்திருக்கிறார். நான் முதல் பதிலில் அவரைக் கொஞ்சம் அவசரப்பட்டு எடைபோட்டுவிட்டேன்.

இன்னொன்றையும் சொல்லாமல் விட்டுவிட்டேன். நாயைத் தொலைத்தவர்கள் மேல்நாட்டார் மட்டும் இல்லை. சீன உரைகாரர்களிலேயே பெரும்புகழ் பெற்றவர் வாங் பி. கி.பி. 249ல் இருபத்து மூன்று வயதில் இறந்துபோன பையன். அவர் உரையில் இது படையல் நாயே இல்லை. புல் வேறு, நாய் வேறு. பூமி மிருகத்துக்காகப் புல்லை முளைக்க வைக்கவில்லை, ஆனாலும் மிருகம் புல்லைத் தின்கிறது. மனிதனுக்காக நாயைப் படைக்கவில்லை, ஆனாலும் மனிதன் நாயைத் தின்கிறான். அவ்வளவுதான் என்கிறார். சுவாங் ட்சுவில் அவ்வளவு விவரமாக இருந்தும் அப்படி எழுதியிருக்கிறார்.

அதைவிட ஆச்சரியம் ஒன்று. 1973ல் மாவாங்துய் என்ற இடத்தில் கி.மு. 168ஆம் ஆண்டுக் கல்லறையிலிருந்து பட்டில் எழுதிய இரண்டு பிரதிகள் கிடைத்தன. அவற்றில் நாய் இருக்கிறது. 1993ல் குவோதியனில், கி.மு. 300 வாக்கிலான கல்லறையில், மூங்கில் பட்டைகள் கிடைத்தன. நமக்கு இன்றைக்குக் கிடைக்கிற ஆகப் பழைய பிரதி அது, முழு நூலும் இல்லை, பாதிக்கும் குறைவு. அதில் ஐந்தாம் பாடலின் நடுப்பகுதி மட்டும் இருக்கிறது. வானுக்கும் மண்ணுக்கும் நடுவில் உள்ள இடம் துருத்தி மாதிரி, வெறுமையாக இருந்தும் ஓய்ந்துபோகாது, அசைக்க அசைக்க வெளியே வரும் என்கிற பகுதி. நாய் வரி அதில் இல்லை. அப்போது இல்லாமல் இருந்து பின்னால் சேர்ந்ததா, எழுதியவர் வேண்டிய பகுதியை மட்டும் எடுத்துக்கொண்டாரா என்று அறிஞர்கள் இரண்டு பக்கமும் பேசுகிறார்கள்.

நெல்லிக்குப்பம் தம்பியின் சந்தேகம்தான் இந்தத் திரியிலேயே முக்கியமானது. ஆமாம், நூறு வருஷத்துக்கும் மேலாக அவர்களை அநேகமாக யாரும் படிக்கவில்லை. புத்தகம் உயர்ந்தது, கோயில் மூடநம்பிக்கை என்று இரண்டாகப் பிளந்துவிட்டார்கள். தத்துவத் தாவோ ஒரு பக்கம், மதத் தாவோ ஒரு பக்கம். வடலூர் வள்ளலாரின் திருவருட்பாவை வைத்துக்கொண்டு, ஞான சபையையும் தைப்பூச ஜோதியையும் தருமச்சாலை அடுப்பையும் தள்ளிவிட்டால் எப்படி இருக்கும்? அதைத்தான் செய்தார்கள். 1445ல் தொகுத்த தாவோ மறைநூல் தொகுப்பில் ஆயிரத்து நானூறுக்கும் மேற்பட்ட நூல்கள் உண்டு. 1920களில் ஷாங்காயில் மறுஅச்சான பிறகுதான் அது வெளியார் கைக்கு எளிதாகக் கிடைத்தது. அதற்குள் பொறுமையாகப் புகுந்தவர் பிரெஞ்சு அறிஞர் ஆன்றி மஸ்பெரோ. 1945 மார்ச்சில் நாஜிகளின் புகென்வால்டு முகாமில் இறந்தார். அவர் எழுதிவைத்தது 1950ல் அச்சானது.

அவர் வழியில் அடுத்து வந்தவர் கிறிஸ்தோபர் ஸ்கிப்பர், டச்சுக்காரர். நம் புதுச்சேரி துய்மா வீதியில் இருக்கிறதே, ஆகமச் சுவடி ஆராயும் பிரெஞ்சு ஆய்வுப் பள்ளி, அதே பள்ளிதான் அவரைத் தைவானுக்கு அனுப்பியது. புத்தகத்தில் இருந்த சொல் கிராமத்துச் சடங்கில் உயிரோடு இருப்பதைப் பார்த்துவிட்டு, அங்கிருந்த பூசாரிகளிடமே மாணவராக உட்கார்ந்தார். 1968ல் அவருக்கே பூசாரிப் பட்டம் கொடுத்தார்கள். தெருவோரம் காகிதம் எரிக்கிறவரிடம் போய்க் கேட்க வேண்டும் என்று தோன்றிய மேல்நாட்டார் அதற்கு முன்பும் சிலர் உண்டு, ஆனால் உள்ளே போய்க் கற்று, திரும்பி வந்து, அந்தத் தொகுப்பு முழுவதையும் ஆராயப் பெரிய குழுவையே கட்டியவர் அவர்.


கெடிலக்கரை எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. இதையெல்லாம் பெரிய எழுத்தில் பிரிண்ட் எடுத்துக்கொண்டு நேற்று மஞ்சக்குப்பத்தில் சார் வீட்டுக்குப் போனேன். சார் ஜன்னலோரம் உட்கார்ந்து, பூதக்கண்ணாடி வைத்து முழுவதும் படித்தார். ஒரு மணி நேரம் ஆனது. உப்பனாறு எழுதிய இடத்தில் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி போட்டுக்கொண்டார்.

அப்புறம் நோட்டை எடுத்தார். முதலில் கேட்டது, புல்லா வைக்கோலா என்று. நான் தலைப்பில் வைக்கோல் என்று போட்டுவிட்டேன், நம்மூரில் பொம்மை செய்தால் வைக்கோலில்தானே செய்வோம். சார், அறுவடை முடிந்து மிஞ்சினது வைக்கோல், ஆனால் ஐயா எழுதியதைப் பார்த்தால் இது மாடு தின்கிற புல், உயிருள்ளது, அதனால் புல் என்றே இருக்கட்டும் என்றார். பரிவு என்ற சொல்லை எழுதிப் பார்த்தார், அடித்தார். ஈரம் என்று எழுதினார், "வானத்துக்கு ஈரமில்லைன்னா மழையில்லைன்னு நினைப்பாங்க" என்று அதையும் அடித்தார். கடைசியில், நான் எப்படிச் சொல்வேன் என்று என்னைக் கேட்டார். நான் எங்கள் வீட்டில் புயலைப் பற்றிச் சொல்வதைச் சொன்னேன். அதையே எழுதிக்கொண்டார்:

வானும் மண்ணும் தயவு தாட்சண்யம் பார்ப்பதில்லை;
எல்லா உயிரும் அவற்றுக்குப் படையலில் வைத்த புல் நாய்.

பழைய வரியைத் தூக்கிப்போடவும் இல்லை. முன்னுரையில், இந்தப் பாடலை மிட்செல் இப்படிச் சொல்கிறார் என்று அதையும் சேர்த்து, எந்தப் புத்தகத்திலிருந்து இந்தத் தமிழ் வந்தது என்பதையும் எழுதித் தருவதாகச் சொல்லியிருக்கிறார். மஞ்சள் பிள்ளையாரையும் போடுவாராம். ஐயா அனுமதி வேண்டும்.

துருத்தியில் கொஞ்ச நேரம் நின்றோம். சார் அங்கே ஊதுபை என்று எழுதியிருந்தார். எங்கள் அம்மா வழித் தாத்தாவுக்குத் தோப்போடு ஒரு கொல்லுப்பட்டறையும் இருந்தது. தோல் துருத்தி. சின்ன வயதில் லீவுக்குப் போனால் துருத்திச் சங்கிலியை இழுக்கிற வேலை எனக்குத்தான். மேலே போகும்போது உள்ளே காற்று நுழைகிற சத்தம் ஒன்று, கீழே வரும்போது கரி மூச்சு விடுகிற சத்தம் ஒன்று. இழுத்தால் கரி வெள்ளையாகச் சிவக்கும், கை ஓய்ந்தால் உடனே கறுத்துவிடும். ஒருநாள் உள்ளே என்ன இருக்கிறது என்று தாத்தாவைக் கேட்டேன். அவர் சங்கிலியை நிறுத்தி, தோலை விரித்துக் காட்டினார். ஒன்றும் இல்லை. இதைச் சொன்னதும் சார் ஊதுபையை ஒற்றைக் கோட்டில் அடித்து, மேலே துருத்தி என்று எழுதினார்.

பாட்டு இரண்டு வரி நீண்டுவிட்டது, ஆறாம் பாடல் அடுத்த பக்கத்துக்குத் தள்ளிப் போய்விட்டது. இப்போது கடையில் உட்கார்ந்து 81 வரைக்கும் பக்கங்களைத் திரும்பக் கட்டிக்கொண்டிருக்கிறேன். பதினான்காம் பாடலில் சார் என்ன எழுதியிருக்கிறார், லெக் என்ன எழுதியிருக்கிறார் என்று இன்று ராத்திரி ஒத்துப் பார்த்துவிட்டு எழுதுகிறேன். ஐயா, ழூலியேன் அந்த மூன்று சொல்லுக்குப் பிரெஞ்சில் என்ன போட்டார் என்று மட்டும் எடுத்து வைத்திருங்கள்.